முன் அனுபவம்

மழை பிடித்துக்கொண்டால் வேலைவாய்ப்பு மையத்தில் கூட்டம் கூடிவிடும். கட்டட வேலை நின்றுபோகும். சரக்கு ஏற்றி இறக்குகிறவர்களுக்குப் பாதி நாள் சும்மா கழியும். வீட்டில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காதவர்கள் குடையை உதறிக்கொண்டு வந்து, வாட்ச்மேனிடம் டோக்கன் வாங்கி, சுவரோரமாகப் போட்டிருந்த நீள பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொள்வார்கள். தரையெல்லாம் செருப்புச் சேறு. ஈரத் துணியும் ஈரத் தலையும் சேர்ந்து ஒரு வாடை. மேலே ஃபேன் சுற்றுகிறதா நிற்கிறதா என்று நின்று பார்த்தால்தான் தெரியும்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் இருந்தவளை ஊரில் எல்லோரும் வேலை மேடம் என்பார்கள். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் சேர்ந்த உத்தியோகம். மேஜைதான் இரண்டு முறை மாறியது, ஆள் மாறவில்லை. பெயர், வயது, படிப்பு, முன் அனுபவம் என்று கேட்டுக் கேட்டே நாக்கு பழகிவிட்டது. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் ஒரு தடவை, காப்பி டம்ளரை நீட்டியபடியே, "முன் அனுபவம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டாள் என்று அவள் வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அவள் மறுத்ததில்லை. கேட்டிருந்தாலும் கேட்டிருப்பாள்.

ஆரம்பத்தில் தையல் கம்பெனிக்கு ஆள் அனுப்பினாள். கம்பெனி மூடிக்கொண்டு போயிற்று. அதே ஆட்களுக்குச் செல்போன் ரிப்பேர் பயிற்சி கொடுத்தார்கள்; தெருவுக்கு நாலு கடை முளைத்து நாலும் ஈ ஓட்டின. பிறகு செக்யூரிட்டி வேலை, பிறகு கிடங்கில் பொட்டலம் கட்டும் வேலை. போன வருஷம் அனுப்பிவைத்த ஆளே இந்த வருஷமும் எதிரே வந்து உட்காருவான். "சேர்ந்தியா?" என்று கேட்டால், "சேர்ந்தேன் மேடம், நின்னுட்டேன் மேடம்" என்பான். சிரிப்பான் வேறு.

இந்த வருஷம்தான் கொஞ்சம் மூச்சு விடும்படி ஒன்று நடந்தது. ஊர் எல்லையில் புதிதாக ஒரு பெரிய ஆஸ்பத்திரி வருகிறது. அவர்கள் சமையலுக்கும் துப்புரவுக்கும் துணிப் பிரிவுக்கும் வெளியிலிருந்து மொத்தமாக ஆள் கொண்டுவருவதாக இருந்தார்கள். மேடம் போய்ப் போய் அவர்கள் வரவேற்பறை நாற்காலியைத் தேய்த்தாள். உள்ளூர் ஆட்களுக்குப் பாதி இடமாவது தரவேண்டும் என்று மல்லுக்கு நின்று வாங்கினாள். மேலதிகாரி வந்து கைகொடுத்து, பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டு போனார். அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷம் என்று சொல்லமுடியாது. இறக்கிவைத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

அந்த மழை நாளில், மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், வாட்ச்மேன் கொண்டுவந்து வைத்த சீட்டுகளில் அடுத்ததை எடுத்து அதிலிருந்த பெயரை உரக்கக் கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள். கூப்பிட்ட பிறகுதான் அந்தப் பெயர் காதில் ஏதோ செய்தது. பெஞ்சின் கடைசியிலிருந்து எழுந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றது பாப்பா. அவள் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. நாற்பதைத் தாண்டியும் வீட்டில் எல்லோருக்கும் பாப்பாதான். அந்த முழுப் பெயரை மேடம் வாய்விட்டுச் சொன்னதே அன்றுதான் முதல் தடவையாக இருக்கும்.

"என்னம்மா, லாண்டரியில ஏதாவது ஆயிடுச்சா? அண்ணனுக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல அண்ணி. எனக்கு ஒரு வேலை வேணும்."

மேடம் அவளையும் பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுக்கா மழையில வந்தே? வீட்டுல பேசிக்கலாமே."

"வீட்டுல பேசினா நீங்க அண்ணியாத்தானே பேசுவீங்க. அதான் டோக்கன் எடுத்துக்கிட்டு வந்தேன்." பாப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "ரொம்ப நேரமா உக்காந்திருக்கேன். எனக்கு முன்னாடி வந்தவங்களக் கேக்கற மாதிரியே கேளுங்க."

மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. பாப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பேனாவை எடுத்தாள்.

"படிப்பு?"

"பத்தாவது. பாஸ்."

"முன் அனுபவம்?"

"இல்ல."

பேனா நின்றது. "இல்லையா? காலையில கடை தொறக்கறதுலேருந்து ஷட்டர் இறக்கற வரைக்கும் நிக்கறே. இல்லங்கறே?"

"அது எங்க கடை அண்ணி. சம்பளம் வாங்கினாத்தானே வேலைன்னு சொல்லமுடியும்?" பாப்பா தன் கைகளை மேஜைமேல் வைத்தாள். பிளீச்சிங் பவுடரும் சலவை சோடாவும் தின்ற கைகள். விரல் இடுக்கெல்லாம் வெளிறி, தோல் உரிந்திருந்தது. "போன வாரம் பல்லு புடுங்கப் போனேன்ல. அங்க சீட்டு எழுதற பொண்ணு என்ன வேலை பாக்கறீங்கன்னு கேட்டா. வீட்டுலதான் இருக்கேன்னு சொன்னேன். அவ என் கையப் பாத்தா. பாத்துட்டு, வீட்டுலயான்னு கேட்டா. பஞ்ச வாயில வச்சுக்கிட்டு நேரா வந்து துணி தேய்க்கற ரோலர்ல நின்னேன். அன்னைக்கு லாட்ஜ் துணி வேற."

அது மேடத்துக்குத் தெரியும். பாப்பா கன்னம் வீங்கி நின்றதையும் பார்த்தாள். "கொஞ்ச நேரம் படுத்துக்கயேன்" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பியவள்தான் அவள். என்றைக்குமே அப்படித்தான் கிளம்பியிருக்கிறாள். மகன் சின்னவனாக இருந்தபோது அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்தில் விட்டது பாப்பா, கூட்டிவந்து சோறு போட்டது பாப்பா. இப்போது வெளியூரில் படிக்கிறவன் போன் செய்தால் முதலில் கேட்பது அத்தையைத்தான். அந்தத் தைரியத்தில்தான் மேடம் பயிற்சி வகுப்பு, ஆய்வுக் கூட்டம் என்று அலைந்தாள். பெண்கள் வெளியே வந்து சம்பாதிக்கவேண்டும் என்று மைக்கைப் பிடித்துப் பேசினாள்.

"உனக்கு என்ன வேணுமோ எங்கிட்டக் கேட்டா வாங்கித் தரமாட்டேனா பாப்பா?"

"தருவீங்க. கேக்காமலேயும் தந்திருக்கீங்க. நான் இல்லேங்கலை." பாப்பா குரல் இறங்கிவிட்டது. "கேக்கறதுதான் அண்ணி அலுத்துப்போச்சு."

பெஞ்சில் யாரோ இருமினார்கள். வாட்ச்மேன் எட்டிப்பார்த்தான். பாப்பா போனால் கடை நின்றுபோகும். தனியாக நடத்தினால் வீட்டுக்காரரின் இடுப்பு தாங்காது. அது மேடத்துக்கு நன்றாகத் தெரியும். எதிரே இருந்தது வேறு யாராவதாக இருந்தால் என்ன செய்வாளோ அதுவும் தெரியும்.

"ஆஸ்பத்திரியில துணிப் பிரிவுக்கு மேற்பார்வை ஆள் கேட்டிருக்காங்க" என்றாள் கடைசியில். "முன்ன வேலை பாத்த எடத்துல விசாரிப்பாங்க. உங்கண்ணன் நம்பரைத்தான் குடுக்கணும். பரவாயில்லையா?"

பாப்பா யோசித்தாள். "குடுங்க" என்றாள்.

மேடத்தின் வீட்டுக்காரரான லாண்டரிக்காரர் கெட்டவர் இல்லை. அப்பா பக்கவாதத்தில் படுத்தபோது படிப்பை விட்டுவிட்டுக் கடையில் நின்றவர். கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே துணி உலர்த்தும் மொட்டைமாடி. நர்சிங் ஹோம்களின் படுக்கை விரிப்பும் லாட்ஜ்களின் டவலும்தான் பிழைப்பு. ஈரத் துணி மூட்டையைத் தூக்கித் தூக்கி இடுப்பு போய், பெல்ட் கட்டிக்கொண்டுதான் குனிவார். சம்பளத்துக்கு இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி கல்யாணமாகிப் போய்விட்டாள், ஒருத்தி வந்தால் வருவாள். பெரிய எந்திரம் வைத்த லாண்டரிகள் வந்து அவரிடமிருந்த வாடிக்கையை ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. மிச்சம் இருப்பதைப் பிடித்து வைத்திருந்தது துணி தப்பாமல் திரும்பிப் போகும் என்ற ஒரே பெயர்தான்.

அன்று சாப்பாட்டின்போது மேடம்தான் பேச்சை எடுத்தாள். சுற்றிவளைக்கவில்லை. அவர் பருப்பில் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"யாரு? நம்ம பாப்பாவா?"

"ஆமா."

"உன் ஆபீஸுக்கா வந்துச்சு? டோக்கன் எடுத்துக்கிட்டு?"

"ஆமாங்க."

"நீ என்ன சொல்லி அனுப்பினே?"

"பதிவு பண்ணியிருக்கேன்."

அவர் கையைத் தட்டோரத்தில் வழித்தார். "ஊரு முழுக்க வேலை வாங்கிக் குடுத்தே, சரி. அது உன் உத்தியோகம். கடைசியில என் வீட்டுலயே கை வச்சிட்டியே."

"நான் கூப்பிடலைங்க. அவளா வந்தா."

"வந்தா நாலு வார்த்தை நல்லவிதமாச் சொல்லி அனுப்பறதில்ல? அதுக்கு இங்க என்ன குறை? ஒரு வேளை சோறு குறைஞ்சிருக்கா? ஒரு சொல் கடிஞ்சு பேசியிருக்கேனா? வெளியாளுக்கு முன்னாடி போயி எனக்கு வேலை குடுங்கன்னு நிக்கற அளவுக்கு நான் என்ன பண்ணிட்டேன்?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. பாப்பா வாசற்படியில் வந்து நின்றாள். கையில் கரண்டி இருந்தது.

"நீங்க ஒண்ணும் பண்ணலண்ணே."

"அப்புறம் என்னம்மா?"

"அதான். ஒண்ணுமே பண்ணல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவருக்கு அது புரிந்ததோ இல்லையோ, எழுந்து கை கழுவிக்கொண்டு கீழே கடைக்குப் போய் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். செய்வதற்கு ஒன்றும் இல்லை. பாய்லர்கூட ஆறிப்போயிருந்தது.

அதன் பிறகு வீட்டில் பேச்சு சுருங்கியது. மழையும் விடவில்லை. மாடியில் கொடி காலியாகக் கிடக்க, துணியெல்லாம் கடைக்குள்ளேயும் மாடிப்படியிலும் சாப்பாட்டு அறையிலும் தொங்கியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடமாட அது வசதியாகவும் இருந்தது. விரிப்பை விலக்கிக்கொண்டுதான் சாப்பிட வரவேண்டும். சாப்பிட்டதும் விரிப்புக்குப் பின்னால் மறைந்துவிடலாம். அண்ணன் தங்கையிடம் "அந்த மூட்டை எங்க?" என்பார். தங்கை கையைக் காட்டுவாள். மேடத்திடம் அதுவும் இல்லை. மனைவியிடம் கேட்க அவருக்கு மூட்டை எதுவும் இல்லை.

விடுமுறை நாளில் துணி மலையாகச் சேர்ந்துபோனதால் மேடமும் கீழே இறங்கி ரோலரில் துணி கொடுத்தாள். கொதிக்கிற உருளைக்குள் ஈர விரிப்பை நுனி பிடித்து நுழைக்கவேண்டும். மறுபக்கம் பாப்பா இழுத்து மடிக்கவேண்டும். ஆவியில் முகம் வெந்தது. கொஞ்ச நேரத்திலேயே மேடத்துக்குத் தோள்பட்டை விட்டுப்போயிற்று. மறுபக்கத்தில் பாப்பா ஒரு சீராக இழுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கடைப் போன் அடித்தது. லாண்டரிக்காரரின் இரண்டு கையும் சோடாத் தண்ணீரில் இருந்தன. முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"லாண்டரிங்களா? ஆஸ்பத்திரியிலேருந்து பேசறோம். ஆள் எடுக்கற பிரிவு. உங்ககிட்ட வேலை பாத்த ஒருத்தங்களப் பத்தி விசாரிக்கணும்." அந்தக் குரல் பாப்பாவின் முழுப் பெயரைச் சொன்னது.

அவர் சுவிட்சைத் தட்டி எந்திரத்தை நிறுத்தினார். உருளை சுற்றி ஓய்ந்தது. வெளியே மொட்டைமாடியிலிருந்து வடிகிற தண்ணீர்ச் சத்தம் மட்டும். பாப்பா கையில் பாதி மடித்த விரிப்போடு நின்றாள்.

"சொல்லுங்க" என்றார் அவர்.

"எத்தனை வருஷமா இருக்காங்க?"

"எங்கப்பா படுத்துக்கிட்ட வருஷத்துலேருந்து. அதுக்கு அப்ப பதினாறு, பதினேழு இருக்கும்."

"என்ன பொறுப்புல இருந்தாங்க சார்?"

"பொறுப்புன்னு என்னங்க, கூடமாட ஒத்தாசையா இருக்கும்." சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினார். "காலையில கடை தொறக்கறது அதுதான். துணி வந்து எறங்கினா எண்ணி, பிரிச்சு, குறி போடறது. ரத்தக்கறை பட்டத முதல்ல பச்சைத் தண்ணியில போடணும், தெரியாத ஆளு சுடுதண்ணியில போட்டாக் கறை நின்னுபோகும். அத யாரையும் தொடவிடாது."

"கணக்கு வழக்கு?"

"அதுவும்தான். எந்த நர்சிங் ஹோமுக்கு எந்த நாளு போகணும், யாரு பழசக் கிழிச்சிக் குடுத்துட்டு நம்ம மேல பழி போடுவாங்க, எல்லாம் அவ தலையில இருக்கு. வேலைக்கு வர்ற பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதும் அவதான். நான் இடுப்பு முடியாமப் படுத்திருந்தப்ப மூணு மாசம்..." அவர் நிறுத்தினார். பிறகு குரல் மாறி, வெளியாளைப் பற்றிச் சொல்வதுபோல் மரியாதையாக வந்தது. "மூணு மாசம் அவங்கதாங்க கடையப் பாத்துக்கிட்டாங்க. ஒரு துணி தப்பல."

"ரொம்ப நல்ல அனுபவம் சார். இப்படிப்பட்டவங்க ஏன் விட்டுப் போறாங்கன்னு தெரிஞ்சுக்கலாமா? எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்."

அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். திரும்பத் துடைத்தார். பாப்பாவைப் பார்க்கவில்லை. மனைவியையும் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க சம்பளம் குடுக்கல."

"என்ன சார்? சரியாக் கேக்கல."

"சம்பளம் குடுக்கலைங்க இத்தனை வருஷமும். நீங்க குடுங்க."

எதிர்முனை தடுமாறி, நன்றி சொல்லி வைத்துவிட்டது. அவர் சுவிட்சைப் போட்டார். உருளை சுற்ற ஆரம்பித்தது. பாப்பா கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்து அடுக்கில் வைத்துவிட்டு, மாடிப்படி ஏறிப் போனாள். அவள் நின்ற இடத்துக்கு வந்து துணி வாங்கி இழுத்தவர் லாண்டரிக்காரர்தான். கண் சிவந்திருந்தது. சோடா ஆவி என்று வைத்துக்கொள்ளலாம்.

பாப்பா வேலையில் சேர்ந்தாள். முதல் நாள் புதுச் செருப்பு கடித்து நொண்டிக்கொண்டு வந்தாள். அங்கே எல்லாமே பெரிதாக இருப்பதாகவும், கூட இருக்கிறவர்கள் சின்ன வயதுக்காரர்கள் என்றும், தன்னை அக்கா என்று கூப்பிடுவதா மேடம் என்று கூப்பிடுவதா என்று அவர்களுக்குள்ளேயே சண்டை என்றும் சொன்னாள். சொல்லும்போதே தலை சாய்ந்தது. கடையில் நிலைமை தலைகீழாக இருந்தது. ஒரு நர்சிங் ஹோம் விரிப்பு இன்னொன்றுக்குப் போனது. சிவப்புத் துண்டு ஒன்று வெள்ளையோடு விழுந்து, லாட்ஜ் டவலெல்லாம் ரோஜா நிறமாக வெளியே வந்தது. லாட்ஜ்காரர் வந்து, "யாருக்காவது கல்யாணமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரமே லாண்டரிக்காரர் மையத்துக்கு வந்தார். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, டோக்கன் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார். முறை வந்ததும் மனைவிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஆள் வேணும்" என்றார்.

"என்ன வேலைக்கு?"

அவர் சொல்லச் சொல்ல மேடம் எழுதினாள். எழுதிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தினாள். "இது ஒரு ஆள் வேலை இல்லைங்க. மூணு பேரு வேலை."

"மூணு பேருக்கு நான் எங்க போவேன்? ஒருத்தருக்குத்தான் தாங்கும்."

"அப்ப எதை விடப் போறீங்க?"

அவர் மேஜையையே பார்த்தார். "லாட்ஜ விட்டுடறேன்" என்றார். சொல்வதற்குள் ஒரு சுற்று கிழடு தட்டியது முகத்தில். அந்த லாட்ஜ் வாடிக்கையைப் பிடித்தது அவர் அப்பா.

"நேரம்?"

"காலையிலேருந்து..."

"அதெல்லாம் எழுத முடியாது. எத்தனை மணிக்கு வரணும், எத்தனை மணிக்குப் போகலாம்?"

சொன்னார். சம்பளம் சொன்னார். இந்தச் சம்பளத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்று அவள் சொன்னாள். "பாப்பா இருந்துச்சே" என்று வாய் தவறி வந்துவிட்டது அவருக்கு. உடனே தலையைக் குனிந்துகொண்டு, கூட்டிச் சொன்னார். மேடம் அதை எழுதிக்கொண்டு, வேறு யாரையும் அனுப்புவதுபோலவே, "ஆள் வந்தாச் சொல்லி அனுப்பறோம்" என்றாள். அவர் எழுந்து போகும்போது வாசலில் நின்று செருப்பைத் தேடியதைப் பார்த்துக்கொண்டே அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள்.

ஆள் வர நாளாயிற்று. வந்தவளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று எழுதியாகிவிட்டது. பாப்பாவுக்கும் அந்த வாரம் ஞாயிறுதான் முறை விடுமுறை. காலையில் வெயில் நன்றாக ஏறியும் அவள் கதவு திறக்கவில்லை. மேடம் எட்டிப் பார்த்தாள். குப்புறப் படுத்து, வாய் லேசாகத் திறந்து, உலகமே தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். மேடத்துக்கும் அப்படியே பக்கத்தில் விழுந்து தூங்கினால் என்ன என்றிருந்தது. வாரம் பூராவும் பேசிய வாய், நிமிர்ந்து உட்கார்ந்த முதுகு. அதற்குள் கீழேயிருந்து அவர் படியேறி வந்து, பாப்பாவின் கதவைத் தாண்டும்போது மட்டும் மெதுவாக நடந்து, மனைவியின் முன்னால் நின்றார்.

"கொஞ்சம் வரியா? மடிக்க ஆளில்ல. நாளைக்குக் காலையில துணி போகணும்."

வந்தாள். மாடியில் வெயிலில் காய்ந்த விரிப்புகள் மொடமொடவென்று இருந்தன. பெரிய விரிப்பு, தனி ஆளால் மடிக்கமுடியாது. அவர் ஒரு பக்கத்து இரண்டு முனைகளைப் பிடித்தார், அவள் மறுபக்கத்து இரண்டு முனைகளைப் பிடித்தாள். உதறினார்கள். நீளவாக்கில் ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. இனி அவள் நடந்து வந்து தன் முனைகளை அவர் கையில் சேர்க்கவேண்டும். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"என்ன? வா."

"எனக்கு என்ன சம்பளம்?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். விரிப்பு இருவருக்கும் நடுவில் காற்றில் தொப்பை போட்டது.

"என்ன விளையாடறியா?"

"சொல்லுங்க. அப்புறம் மடிக்கறேன்."

அவர் தன் முனைகளை விடாமல் பிடித்துக்கொண்டு யோசித்தார். நெற்றியில் வியர்வை இறங்கியது. துடைக்கக் கை இல்லை. பிறகு ஒரு தொகையைச் சொன்னார்.

"கம்மி" என்றாள்.

அவர் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். அவள் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவரை நோக்கி நடந்தாள்.